லென்ஸ் பிறகு, செடி முதலில்

நீங்கள் கேட்டவை இரண்டு. மூன்று மாதமாக வண்ணத்துப்பூச்சிகளைத் தேடி வாரந்தோறும் அலைந்தும் படத்தில் விழுவதெல்லாம் கலங்கிய இலையும் பறந்து விலகும் ஒரு வண்ணத் தீற்றலும்தான், எந்த லென்ஸ் வாங்கினால் இது சரியாகும் என்பது ஒன்று. அந்துப்பூச்சிகளையும் படமெடுக்க ஆசை, இரவில் அவற்றை எங்கே போய்த் தேடுவது என்பது மற்றொன்று. லென்ஸ் பற்றிய பதிலைச் சற்றுத் தள்ளி வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் "துரத்தினேன்" என்ற சொல் நான்கு முறை வருகிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

வண்ணத்துப்பூச்சியைத் துரத்திப் பிடிக்க முடியாது. பறவையிடமிருந்து தப்புவதற்கென்றே அதன் பறத்தல் அமைந்திருக்கிறது. அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களால் ஊகிக்க முடியாதபடிதான் அது பறக்கும். நானும் முதல் ஆண்டு முழுக்க ஓடினேன். ஒரு நாள் கால் வலித்து ஓர் எருக்கஞ்செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் பெண் ஒன்று வந்தது. இலைமேல் அமர்ந்து முன்னங்கால்களால் படபடவென்று தட்டியது, வயிற்றை வளைத்து இலையின் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு முட்டையை ஒட்டியது, அடுத்த இலைக்குத் தாவியது. நான் இருக்கிறேன் என்பதையே அது பொருட்படுத்தவில்லை. அந்த ஆண்டில் எடுத்த படங்களில் உருப்படியானவை எல்லாம் அந்த அரை மணி நேரத்தில் எடுத்தவைதான்.

அது காலால் தட்டியது ஏன் தெரியுமா? சுவை பார்ப்பதற்கு. வண்ணத்துப்பூச்சிகளின் கால்களில் சுவை உணரும் மயிர்கள் இருக்கின்றன. வரியன்கள் சேர்ந்த குடும்பத்தில் முன்னங்கால்கள் சிறுத்துப்போயிருக்கும். அதனால்தான் படத்தில் எண்ணிப் பார்த்தால் நான்கு கால்கள் மட்டுமே தெரியும். நடக்க உதவாத அந்தக் குட்டைக் கால்களைக் கொண்டுதான் பெண் பூச்சி "இது என் பிள்ளைகள் தின்னும் செடிதானா" என்று சோதிக்கிறது. தாய்க்குத் தேன் எந்தப் பூவிலும் கிடைக்கும். ஆனால் அதன் புழு பெரும்பாலும் ஒரு சில செடிகளை மட்டுமே தின்னும். ஆகவே பூச்சி எங்கே இருக்கும் என்ற கேள்விக்குப் பூவைவிட இலையே நம்பகமான பதில்.

இந்த உறவை ஒருமுறை கற்றுக்கொண்டால் வெளியே நடப்பதே வேறு மாதிரி ஆகிவிடும். எருக்கைப் பார்த்தால் வெந்தய வரியன். எலுமிச்சை, நாரத்தைக் குடும்பத்துச் செடிகளைப் பார்த்தால் எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும். ஆவாரை, கொன்றை வகைகளில் வெளிர்மஞ்சள் பூச்சிகள் முட்டையிடும். ஆடுதீண்டாப்பாளையும் அதன் உறவுக்கொடிகளும் இருந்தால் கருப்பும் சிவப்புமான நச்சுடல் அழகிகள் வரும். புல்வெளி என்றால் பழுப்பு நிறப் பூச்சிகளும் துள்ளிப் பறக்கும் சிறு தாவிகளும். ஐரோப்பாவில் காஞ்சொறிப் புதரைக் கண்டால் மயில்கண் கொண்ட பூச்சியின் கருநிறப் புழுக்களைத் தேடலாம். வட அமெரிக்காவில் எருக்கின் உறவான பால்செடிகளில் மோனார்க் வளர்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும் முறை ஒன்றுதான்: உங்களைச் சுற்றி இருக்கும் பத்துச் செடிகளின் பெயரைக் கற்றுக்கொண்டு, அவற்றைத் தின்பவை எவை என்று தேடுங்கள். ஒரே இடத்திற்குத் திரும்பத் திரும்பப் போங்கள். பத்து இடங்களுக்கு ஒருமுறை போவதைவிட ஓரிடத்திற்குப் பத்துமுறை போவதால் வரும் லாபம் மிக அதிகம்.

செடியைப் பழகினால் பறக்கும் பூச்சி மட்டுமல்ல, முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் சேர்ந்தே கிடைக்கும். எலுமிச்சை அழகியின் புழு சிறியதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே இருக்கும். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். லேசாகச் சீண்டப்பட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஓர் உறுப்பை நீட்டி நாற்றம் வீசும். (படத்துக்காகச் சீண்டாதீர்கள். ஒரு குளவியோ எறும்போ தானாக வந்து அந்த வேலையைச் செய்யும், காத்திருந்தால் போதும்.) புழுவைக் கண்ணால் தேடுவதைவிட அதன் தடயத்தைத் தேடுவது எளிது: ஓரம் கடிக்கப்பட்ட இலை, கீழ் இலையில் கிடக்கும் மிளகு போன்ற எச்ச உருண்டைகள். எச்சம் புதிதாக, ஈரமாக இருந்தால் ஆள் நேர் மேலே இருக்கிறது.

வரியன்களின் கூட்டுப்புழு, பூச்சி வெளிவருவதற்கு முந்தைய நாளில் கருத்து, அதன் தோல் கண்ணாடி போல் ஆகி உள்ளே மடிந்திருக்கும் சிறகின் நிறத்தைக் காட்டும். அதைப் பார்த்துவிட்டால் மறுநாள் காலையில் வேறு எங்கும் போகாதீர்கள். கூடு பிளந்து பூச்சி வெளிவருவது ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு கசங்கிய சிறகுகள் கண்முன்னே விரியும், காய்ந்து இறுக இன்னும் ஒரு மணி நேரமோ கூடுதலோ ஆகும். அந்த நேரத்தில் மட்டும் கிளையை அசைத்துவிடாதீர்கள். கீழே விழுந்து சிறகு சரியாக விரியாமல் போனால் அந்தப் பூச்சி பறக்கவே போவதில்லை.

செடிக்கு அடுத்தபடியாக உப்பு. ஓடைக்கரை ஈர மணலில், வண்டிப்பாதைக் குட்டையின் ஓரத்தில், விலங்குகள் சிறுநீர் கழித்த இடத்தில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து உறிஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள். இலை தின்று வளர்ந்த உடம்பில் சோடியம் குறைவு. அதை மண்ணிலிருந்து சேர்த்து, இணைசேரும்போது விந்துப்பையோடு பெண்ணுக்குக் கொடுக்கின்றன. அந்த உப்பு முட்டைகளுக்கும் போய்ச் சேர்கிறது. உறிஞ்சத் தொடங்கிவிட்ட பூச்சி ஏறக்குறைய மயக்கத்தில் இருப்பதுபோலத்தான். தரையோடு தரையாக முழங்கையால் ஊர்ந்து போனால் ஒரு சாண் தூரம் வரை விடும். உடை பாழாகும், அதைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு ஒத்துவராது. வியர்வையில் ஊறிய பைப்பட்டையைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தும் பாருங்கள்.

பூவையே எட்டிப்பார்க்காத பூச்சிகளும் உண்டு. காட்டின் மேல்மட்டத்தில் வலுவாகப் பறக்கும் பருத்த உடல் கொண்ட சில இனங்கள் அழுகிய பழம், மரத்தில் வடியும் சாறு, சாணம், செத்த நண்டு ஆகியவற்றுக்குத்தான் இறங்கி வரும். கனிந்து கருத்த வாழைப்பழத்தை மரப்பிளவில் அப்பி வைத்தால், தலைக்கு மேல் முப்பது அடியில் மட்டும் பார்த்துவந்த பூச்சி கண்மட்டத்திற்கு வரும். வரியன்களுக்கு வேறொரு பலவீனம் இருக்கிறது. காய்ந்துபோன கிலுகிலுப்பைக் கிளையிலும் தேள்கொடுக்குச் செடியிலும் ஆண் வரியன்கள் மொய்க்கும். அவை தேடுவது உணவை அல்ல. அந்தச் செடிகளில் உள்ள ஒருவகை நச்சு வேதிப்பொருளைச் சேகரித்து, பெண்ணைக் கவரும் மணமாக மாற்றிக்கொள்கின்றன. ஒடிந்து வாடிய ஒரு கிளை, பூத்துக் குலுங்கும் புதரைவிட அதிகம் பூச்சிகளை இழுப்பதைப் பார்த்தால் முதலில் நம்ப முடியாது. இன்னோர் இடம், சுற்றுவட்டாரத்தில் உயரமான குன்றின் உச்சி. பல இனங்களின் ஆண்கள் அங்கே ஏறி, ஆளுக்கோர் இலையைப் பிடித்துக்கொண்டு, பெண்ணுக்காகக் காத்திருக்கும். அப்படி எல்லை காக்கும் ஆண் பறந்துபோனாலும் பதறாதீர்கள். போட்டியாளனை விரட்டிவிட்டு அதே இலைக்கு, பல வேளைகளில் அதே நுனிக்கு, திரும்பி வரும். அந்த இலையில் கேமராவின் குவியத்தை (ஃபோகஸ்) வைத்துவிட்டு அசையாமல் நில்லுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை உங்கள் தவறு பதினொரு மணிக்குப் புறப்படுவது. வண்ணத்துப்பூச்சி தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்வதில்லை. நன்றாகப் பறக்கச் சிறகுத் தசைகள் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற வேண்டும். அந்தச் சூட்டை வெயிலிலிருந்துதான் வாங்குகிறது. ஆகவே வெயில் முதன்முதலில் விழும் கிழக்குப் பார்த்த புதர் ஓரத்தில், காலை முதல் வெயிலில், சிறகை விரித்துச் சூடு காயும் பூச்சிதான் உங்களுக்கு வேண்டியது. எல்லாமே சிறகை விரிப்பதில்லை. சில மஞ்சள் பூச்சிகளும் பழுப்புப் பூச்சிகளும் சிறகை மூடியபடியே உடம்பைச் சரித்து ஒரு பக்கத்தை வெயிலுக்குக் காட்டும். அவற்றின் மேற்சிறகைப் படமெடுக்கப் பாடுபடுவதில் பயனில்லை, அடிச்சிறகை ஒழுங்காக எடுங்கள். உச்சி வெயிலில் எல்லாம் ஓட்டம்தான். மாலை சாயும்போது மீண்டும் ஒரு வாய்ப்பு வரும்: உறங்க இடம் தேடிக் காய்ந்த தண்டுகளிலும் இலையடியிலும் தொற்றிக்கொள்ளும். அந்த இடத்தைக் குறித்துவைத்து விடியலில் போனால், பனித்துளி படிந்த, நகர முடியாத பூச்சி அதே இடத்தில் இருக்கும். மழை நின்று வெயில் எட்டிப்பார்க்கும் முதல் பதினைந்து நிமிடத்தையும் விடாதீர்கள். பதுங்கியிருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்து சூடு காயும்.

அணுகும் விதம் பற்றி எழுதப்பட்டிருப்பவை ஏராளம். எனக்குப் பயன்பட்டவை மூன்று மட்டுமே. உங்கள் நிழல் பூச்சியின்மேல் விழக்கூடாது. நிழல் விழுந்தால் அது உங்களைப் பறவை என்று எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் ஆடாமல் நேர்கோட்டில், மெதுவாக, தாழ்ந்து போங்கள். அதன் கூட்டுக்கண் ஏறக்குறைய எல்லாத் திசையையும் பார்க்கிறது, ஆனால் நகர்வையே முதலில் கவனிக்கிறது. கேமராவை முகத்துக்கு உயர்த்திக்கொண்டே அணுகுங்கள். அருகில் போனபிறகு கையை உயர்த்தினால் அதோடு கதை முடிந்தது. தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிட்டு, இரண்டு அடி வைத்து இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று முன்னேறினால் பூச்சி பறந்தாலும் கையில் ஏதாவது மிஞ்சும்.

இப்போது உங்கள் லென்ஸ். பலரும் எடுத்த எடுப்பில் மிக அருகிலிருந்து பெரிதாக எடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கிவிட்டு, அசல் அளவில் (பூச்சி இருக்கும் அதே அளவில் உருவம் கேமராவின் உணரியில் விழும்படி) எடுக்க வேண்டும் என்று பூச்சியின் மூக்கருகே போய் அதை விரட்டுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஏழு செ.மீ. அகலம் சிறகு விரிக்கும் அழகியை ஒளியைப் பதியும் 36 மி.மீ. அகல உணரியில் அடக்க அசல் அளவு தேவையே இல்லை, அதில் பாதிக்கும் குறைவு போதும். இத்தகைய பெரிய பூச்சிகளுக்கு, ஒன்றரை இரண்டு மீட்டரிலேயே குவியக்கூடிய 300 மி.மீ. தொலைநோக்கு லென்ஸ்தான் வசதியானது. அதற்கும் பூச்சிக்கும் இடையில் மரியாதையான இடைவெளி இருக்கும், பின்னணியும் மெழுகிவிட்டாற்போல் மங்கிப்போகும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் 70–300 லென்ஸில் லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் வைக்கும் ஒரு நீட்சிக்குழாயையோ முன்னால் திருகும் நெருக்கக் கண்ணாடியையோ பொருத்திப் பாருங்கள், செலவு மிகக் குறைவு. உண்மையான மேக்ரோ லென்ஸ் தேவைப்படுவது நீலன்கள் எனப்படும் நகத்தளவு வண்ணத்துப்பூச்சிகளுக்கும், முட்டைகளுக்கும், அந்துப்பூச்சிகளுக்கும். உங்கள் ஆர்வம் இரவுப் பக்கம் சாய்ந்தால் அப்போது வாங்குங்கள்.

கூர்மை வராததற்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, வடிவியல். அசல் அளவில், லென்ஸின் ஒளித்துளையை எஃப் 8 என்று வைத்து எடுத்தால், அந்த 36 மி.மீ. முழுச் சட்ட உணரியில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மி.மீ. மட்டுமே. பாதி அளவில் எடுத்தால் மூன்று மி.மீ. அளவுக்குக் கிடைக்கும். துளையை எஃப் 16, 22 என்று மூடிக்கொண்டே போனால் ஆழம் கூடும், ஆனால் துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் படம் முழுவதும் மழுங்கும். ஆகவே எஃப் 8 முதல் 11 வரை நின்றுகொண்டு, மீதி வேலையை உங்கள் உடம்பைக் கொண்டு செய்யுங்கள். மூடிய சிறகு ஒரு தட்டையான தகடு. கேமராவின் பின்புறம் அந்தத் தகட்டுக்கு இணையாக இருந்தால் சிறகு முழுவதும், கண்ணும் சேர்த்து, ஒரே தளத்தில் விழுந்து கூர்மையாக வரும். ஐந்து பாகை சாய்ந்தாலும் ஒரு முனை கலங்கிவிடும். இதற்காகப் பூச்சியைச் சுற்றி அரை வட்டம் நகர வேண்டியிருக்கும், நகருங்கள். தளம் அமையாவிட்டால் கண்ணையும் உணர்கொம்பின் அடியையும் கூர்மையாக்கிவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள். கண் மங்கிய படத்தை எந்த வண்ணமும் காப்பாற்றாது.

ஷட்டர் வேகம் அமர்ந்த பூச்சிக்கு நொடியில் 500-இல் ஒரு பங்கு இருந்தால் நிம்மதி. பூவில் தேன் எடுக்கும்போதும் சிறகடித்துக்கொண்டே இருக்கும் அழகிகளுக்கு 2000-இல் ஒரு பங்கு, பறப்பதைப் பிடிக்க அதற்கும் மேல். ஐ.எஸ்.ஓ. (உணரியின் ஒளி உணர்திறன்) உயர்ந்து படத்தில் புள்ளி விழுந்தால் விழட்டும். புள்ளியைப் பிறகு குறைக்கலாம், அசைவை ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளைப் பூச்சி இருண்ட இலைமேல் அமர்ந்திருந்தால் கேமரா இலையைப் பார்த்து ஏமாந்து சிறகை வெளுக்கடித்துவிடும். வெளிச்சத்தை அரை அல்லது ஒரு படி குறையுங்கள். தானியங்கிக் குவியம் முன்னும் பின்னும் தடுமாறினால் அதை அணைத்துவிட்டு, தூரத்தை நிலைநிறுத்தி, உங்கள் உடம்பை ஒரு விரற்கடை முன்னும் பின்னும் ஆட்டியபடி தொடர்ச்சியாக நான்கைந்து படம் எடுங்கள். பகலில் ஃப்ளாஷ் போட்டுப் பின்னணியைக் கரியாக்கும் பாணி எனக்குப் பிடிப்பதில்லை. பகலில் பறக்கும் பூச்சியை ஏன் இருட்டில் நிறுத்த வேண்டும்? தவிர, நீலம் மின்னும் சிறகுகளில் அந்த நிறம் சாயத்தால் வருவதல்ல, செதில்களின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. நேர் ஃப்ளாஷில் அது வெளிறிப்போகும், அல்லது அடையாளம் தெரியாத வேறு நிறமாகும்.

கைபேசி மட்டும் இருப்பவர்களுக்கு ஒரு சொல். அதன் மேக்ரோ முறை பெரும்பாலும் அகலக்கோண லென்ஸைப் பயன்படுத்தும், இரண்டு மூன்று செ.மீ. அருகில் போகச் சொல்லும், அதற்குள் உங்கள் நிழல் பூச்சியை எழுப்பிவிடும். இரண்டு அல்லது மூன்று மடங்கு பெரிதாக்கும் லென்ஸைத் தேர்ந்தெடுத்து, தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

குளிர்பதனப் பெட்டியில் பூச்சியை வைத்து மரத்துப்போகச் செய்து படமெடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதைப் பற்றி நான் நாகரிகமாக எழுத முயல்கிறேன்: அந்தப் படங்கள் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கால்கள் பிடிமானம் இல்லாமல் தொங்கும், உணர்கொம்புகள் உயிரில்லாமல் சரிந்திருக்கும். சிறகைக் கையால் பிடிப்பதும் வேண்டாம். விரலில் ஒட்டும் அந்தப் பொடிதான் செதில். உதிர்ந்தது மீண்டும் முளைப்பதில்லை.

இனி இரவு. ஒரு திருத்தத்தோடு தொடங்குகிறேன். "அந்துப்பூச்சி என்றால் மங்கல் நிறம், இரவில் பறக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் சேர்ந்த செதில்சிறகிகள் என்ற கூட்டத்தில் பெயரிடப்பட்ட இனங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவற்றில் வண்ணத்துப்பூச்சிகள் பத்தில் ஒரு பங்கு அளவே, மற்றவை எல்லாம் அந்துப்பூச்சிகள். இத்தனை பெரிய கூட்டத்தில் பகலில் பறப்பவை, பளபளப்பவை, பூவின் முன் தேன்சிட்டு போல் அந்தரத்தில் நின்று தேன் குடிப்பவை எல்லாம் உண்டு. பொதுவாக வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு தீக்குச்சி போல் நுனியில் தடித்திருக்கும், அந்துப்பூச்சியுடையது நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். இதற்கும் விலக்குகள் உண்டு, தொடங்குபவருக்கு இது போதும்.

விட்டில் விளக்கின்மேல் கொண்ட காதலால் தீயில் விழுகிறது என்று கவிஞர்கள் நெடுங்காலமாகப் பாடிவந்தார்கள். அதிவேகக் கேமராக்களால் பதிவுசெய்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விளக்கம் சொன்னது. பூச்சிகள் விளக்கை நோக்கிப் பாய்வதில்லை, தம் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்கின்றன. செயற்கை விளக்கு இல்லாத இரவில் வெளிச்சமான பக்கம் வானம்தான், ஆகவே முதுகை அந்தப் பக்கம் வைத்தால் நேராகப் பறக்கலாம். பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் அந்தக் கணக்குப் பிசகி, சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கின்றன. காதலுமில்லை, தற்கொலையுமில்லை. எனக்கு இந்த விளக்கம் பழைய கதையைவிடச் சோகமாகத் தோன்றுகிறது.

இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி, வெள்ளைப் பருத்தித் துணியைத் தொங்கவிட்டு, அதன் அடிப்பகுதியைத் தரையிலும் சிறிது விரியுங்கள். விழும் பூச்சிகளில் பாதி தரைத்துணியில்தான் இருக்கும். முன்பெல்லாம் பாதரச ஆவி விளக்கும் ஜெனரேட்டரும் சுமந்து போவோம். இப்போது புற ஊதா எல்.ஈ.டி. விளக்கும் ஒரு பவர் பேங்கும் பைக்குள் அடங்கிவிடுகின்றன. புற ஊதா விளக்கை நேராகப் பார்க்காதீர்கள், அதற்குரிய கண்ணாடி அணியுங்கள். எந்த இரவு என்பதுதான் முக்கியம்: நிலவில்லாத, வெதுவெதுப்பான, காற்றசையாத, மேகம் மூடிப் புழுங்கும் இரவு. உங்களுக்குத் தூக்கம் வராத இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுநிலவில் துணி வெறிச்சோடிக் கிடக்கும். இருட்டியவுடன் வருபவை வேறு, நள்ளிரவுக்குப் பின் வருபவை வேறு. பத்து மணிக்கே சுருட்டிக்கொண்டு கிளம்புபவர்கள் பெரிய பட்டு அந்துப்பூச்சிகளைப் பலமுறை தவறவிடுகிறார்கள்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், ஒரு சிறு வண்டு காதுக்குள் நுழைந்து அரை மணி நேரம் ஓடிய அனுபவம் எனக்குண்டு. துணிக்கு வரும் பூச்சிகளில் கருப்பும் செம்மஞ்சளுமாகப் பட்டை போட்ட, எறும்பு போல் மெலிந்த ஒரு வண்டும் இருக்கும். கழுத்தில் அமர்ந்தால் நசுக்காதீர்கள், ஊதித் தள்ளுங்கள். அதன் உடல்நீர் பட்ட இடம் மறுநாள் கொப்புளமாகும். மயிரடர்ந்த புழுக்களையும் வெறுங்கையால் தொடவேண்டாம். சாவிக்கொத்தைப் பையின் அடியில் போட்டுவிடுங்கள். பல அந்துப்பூச்சிகளுக்கு வௌவாலின் மீயொலியைக் கேட்கும் செவி இருக்கிறது. சாவிகள் குலுங்கும்போது மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலியும் பிறக்கும். பொத்தென்று சிறகை மடித்து அவை தரையில் விழுவதைப் பார்த்தபிறகுதான் நான் இதை நம்பினேன்.

விளக்குக்கு வராதவையும் உண்டு. அழுகிய பழத்தையும் வெல்லப்பாகையும் சேர்த்துப் புளிக்கவைத்த குழம்பை அந்தி நேரத்தில் அடிமரங்களில் பூசி வைத்து, டார்ச்சின் முன்னால் சிவப்புத் தாள் கட்டி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆனால் அட்லஸ் போன்ற மாபெரும் பட்டு அந்துப்பூச்சிகளுக்கு இந்த விருந்து பயன்படாது. வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாயே இல்லை, புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து இணைசேர்ந்து முடிந்துவிடும். புற ஊதா டார்ச்சை இலைகளின்மேல் வீசினால் பகலில் கண்ணுக்குத் தப்பும் பல பச்சைப் புழுக்கள் பளிச்சென்று ஒளிரும். இது ஒரு தனிப் பைத்தியம், தொடங்கினால் விடாது.

துணிமேல் எடுத்த படம் பதிவுக்கு உதவும், பார்க்க அழகாக இருக்காது. துணிக்கு அருகே பாசி படிந்த ஒரு பட்டையையும் சில கிளைகளையும் நட்டு வையுங்கள். சுற்றிக் களைத்த பூச்சிகள் தாமாகவே அவற்றில் போய் அமரும். அங்கே எடுங்கள். இங்கே ஃப்ளாஷ் தேவைதான், ஆனால் முன்னால் வெள்ளைத் துணியோ மெல்லிய நுரைத்தாளோ கட்டி ஒளியைப் பரப்புங்கள். இல்லையென்றால் செதில்களெல்லாம் கண்ணாடித்தூள் போல் மின்னும். சிறகு நடுங்கத் தொடங்கினால் பூச்சிக்குக் குளிர் என்று நினைக்காதீர்கள். பறக்கும் தசையை இயக்கி உடம்பைச் சூடேற்றுகிறது. உங்களுக்கு இன்னும் சில நொடிகள்தான் இருக்கின்றன. அமர்ந்திருக்கும் தோரணையைக் குலைக்காமல் மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று எடுங்கள். தட்டையாக விரித்து மரப்பட்டையோடு ஒட்டுவது, ஜெட் விமானம் போல் பின்னோக்கி மடிப்பது, டி என்ற ஆங்கில எழுத்துபோல் நீட்டுவது, கூரை போல் கவிப்பது என்று அந்தத் தோரணையே குடும்பத்தைச் சொல்லிவிடும்.

விடியும் முன் விளக்கை அணையுங்கள். துணியில் மிஞ்சியவற்றை அடர்ந்த புதருக்குள் மெதுவாக உதறிவிடுங்கள். இல்லையென்றால் பறவைகள் இரண்டு நாளில் உங்கள் துணியைக் காலை உணவகமாக்கிக்கொள்ளும். ஒரே இடத்தில் அடுத்தடுத்த இரவுகள் விளக்கு வைப்பதும் நல்லதல்ல, அந்த நேரத்தில் அவை உண்ணவும் இணைசேரவும் வேண்டும். காப்புக்காடு என்றால் அனுமதி வாங்காமல் எதுவும் வேண்டாம். இத்தனைக்கும் நேரமில்லாதவர்கள், இரவெல்லாம் விளக்கு எரிந்த ஏதாவது ஒரு சுவரை விடிந்தவுடன் போய்ப் பாருங்கள். என் பட்டியலில் கால்வாசி சுவர்களில் கிடைத்தது.

கடைசியாக, பெயர். வெந்தய வரியன் என்று நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது அது அல்ல, அதைப் போலவே வேடமிட்ட வேறொரு இனத்தின் பெண். எருக்கின் நஞ்சு உடம்பில் ஏறிய வரியனைப் பறவைகள் தவிர்ப்பதால், நஞ்சில்லாத இந்தப் பூச்சி அதன் உடையை அணிந்துகொண்டு பிழைக்கிறது. இப்படி நடக்கிறது என்பதை 1862-இல் அமேசான் பூச்சிகளைக் கொண்டு விளக்கியவர் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ். பின்சிறகின் நடுவே கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்: வரியனின் ஆணுக்கு நான்கு, பெண்ணுக்கு மூன்று இருக்கும். வேடதாரிக்கு முன்விளிம்பை ஒட்டி ஒன்று மட்டுமே. கறிவேப்பிலை அழகியின் பெண்ணும் இதேபோல் நச்சுடல் அழகிகளின் வேடத்தில் வரும். ஆகவே மேற்சிறகு, அடிச்சிறகு இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் கலைப்படத்துக்கு முயல வேண்டும். உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளத்தில் நாளும் இடமும் சேர்த்துப் பதிவேற்றுங்கள். இயந்திரம் சொல்லும் முதல் பெயரை அப்படியே ஏற்காமல் ஆள் யாராவது உறுதிசெய்யும் வரை பொறுங்கள். அரிய இனம் என்றால் இடத்தைத் துல்லியமாகக் காட்டாதீர்கள். அந்துப்பூச்சிகளில் சிலவற்றை உடலறுத்துப் பார்த்தால்தான் இனம் தெரியும், அவற்றுக்குக் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய மற்ற இரண்டு படங்களுக்கும் என்னால் பெயர் சொல்ல முடியவில்லை. நீலன்கள் பல ஒன்றுபோலவே இருக்கும். அடுத்த முறை அந்தப் பூச்சி முட்டையிடுவதைப் பார்த்தால், அந்தச் செடியின் இலையையும் பூவையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.